வன்னி மண்ணுக்கேற்ற வாகனம் எது?

கண்டி வீதி வழியே வடக்கு நோக்கி வரும் எந்த வாகனமும் முறிகண்டிப் பிள்ளையாரைக் கும்பிடாமற் கடந்து செல்வதில்லை. சாரதி இறங்கித் தேங்காய் உடைப்பார். பிள்ளைகள் கச்சான் வாங்குவார்கள். பெரியவர்கள் காலை நீட்டி இளைப்பாறுவார்கள். சில மாதங்களுக்கு முன் ஒரு ஞாயிறு காலையில், அங்கே மரநிழலில் அரைமணி நேரம் நின்று, வந்து போகும் வாகனங்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். தொழில் கல்லூரியிற் படிப்பிப்பது. ஆயினும் அன்று நான் மாணவனாக நின்றேன். எங்கள் குடும்பத்துக்கு ஒரு வாகனம் வாங்குவதென்று முடிவாகியிருந்தது. எதை வாங்குவது என்பதுதான் முடிவாகவில்லை.

அன்று அங்கே நின்ற கார்களிற் பல, ஒரே சாயலுடையனவாக இருந்தன. சாதாரணக் காரிலும் சற்று உயரம். ஜீப்பிலும் சற்றுக் குள்ளம். பெரிய சில்லுகள், குறுகிய பின்புறம், நிமிர்ந்த முகம். இவற்றைத்தான் சிறிய குறொஸோவர் எஸ்.யூ.வி. என்று அழைக்கிறார்கள். பட்டணத்தாருக்கு இது நாகரிகமாக இருக்கலாம். குளக்கட்டும் கிரவல் வீதியும் மாரி வெள்ளமும் உள்ள வன்னியில் வாழும் நமக்கு, இது உண்மையிற் பயன்படுமா என்பதே கேள்வி. இக்கேள்விக்கு விடைதேடி நான் அறிந்தவற்றையும், அனுபவத்திற் பட்டவற்றையும் வாசகர்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன். பெருந்தொகைப் பணத்தைக் கையிற் பிடித்தபடி தடுமாறும் குடும்பம் என்னுடையது மட்டுமல்லவே!

இரண்டு பரம்பரைகளின் பிள்ளை

முதலில் இந்த வாகனத்தின் குலங்கோத்திரத்தைக் காண்போம். 1941 ஆம் ஆண்டில் அமெரிக்கப் படைக்கெனப் பிறந்த ஜீப், இரும்புச் சட்டம் ஒன்றின் மேல் உடலை ஏற்றிவைத்த அமைப்புடையது. முரட்டு உழைப்பாளி, ஆனால் முதுகை முறிக்கும். சாதாரணக் காருக்கோ தனிச் சட்டம் இல்லை, உடலே சட்டம். ஆகவே அது இலேசானது, சொகுசானது. ஆனால் நிலத்தோடு ஒட்டி ஓடுவது. இவ்விரு பரம்பரைகளுக்கும் சம்பந்தம் செய்துவைத்தவர்கள் ஜப்பானியர். 1994 இல் டொயோட்டா நிறுவனம் ராவ்4 என்னும் வண்டியை வெளியிட்டது. மறு ஆண்டிலேயே ஹொண்டாவின் சி.ஆர்-வி வந்தது. காரின் உடலமைப்பை வைத்துக்கொண்டே உயரத்தைக் கூட்டுவதுதான் இவற்றின் சூத்திரம்.

பின்னர் இவற்றினும் சிறிய பிள்ளைகள் பிறந்தன. 2013 டிசம்பரில் ஜப்பானில் வெளியான ஹொண்டா வெசெல், அடுத்த ஆண்டு தொடங்கி இலங்கைக்குப் பெருந்தொகையாக வந்திறங்கியது. 2019 நவம்பரில் டொயோட்டா ரைஸ், 2020 இல் யாரிஸ் குறொஸ் என வரிசை நீண்டது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. ஏறத்தாழ ஐந்தாண்டுகள் அடைபட்டுக் கிடந்த கதவு, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரி முதலாந் திகதி மீண்டும் திறந்தது. திறந்த கதவின் வழியே வண்டிகள் வந்தன. விலை மட்டும் இறங்கி வரவில்லை. வரிகள் யாவும் சேர்ந்தபின், இவ்வகைச் சிறிய வண்டியின் விலையே கோடி ரூபாவைத் தாண்டி நிற்கக் கண்டோம். எஞ்சினின் கன அளவைப் பார்த்து உற்பத்தி வரி விதிக்கப்படுவதால், 1000 கன சென்ரிமீற்றருக்கு உட்பட்ட எஞ்சின்களுக்கு மதிப்பு மிகுந்தது. ரைஸ் வண்டியின் 996 கன சென்ரிமீற்றர் எஞ்சின் நம் நாட்டில் இத்தனை பேசப்படுவதன் இரகசியம் இதுவே.

இங்கே ஒரு மயக்கத்தைத் தீர்த்துவிட வேண்டும். தோற்றம் ஜீப்பைப் போன்றிருப்பதால், சேற்றிலும் மணலிலும் ஜீப்பைப் போலவே செல்லும் என்று எண்ணிவிடலாகாது. இங்கு ஓடும் இத்தகைய வண்டிகளிற் பெரும்பாலானவற்றுக்கு முன்சில்லு இரண்டுக்கு மாத்திரமே இழுவை உண்டு. மாரிகாலத்தில் வயல் வரம்போரம் புதைந்தால், இழுத்தெடுக்க உழவு இயந்திரந்தான் வரவேண்டும். குறொஸோவர் என்பது உயர்ந்த கார். அதற்கு மேல் ஒன்றுமில்லை. இதை மனதிற் கொண்டவர் ஏமாறமாட்டார்.

வீதிதான் பரீட்சை மண்டபம்

எந்த வாகனத்தையும் காட்சியறையின் பளிங்குத் தரையில் நிறுத்திப் பார்த்து மதிப்பிடுதல் தவறு. என் தாயார் முத்தையன்கட்டுப் பக்கத்தில் வசிக்கிறார்; நாங்கள் கிளிநொச்சியில் இருக்கிறோம். மாங்குளம் வரை கண்டி வீதி. அங்கிருந்து ஒட்டுசுட்டான் வரை முல்லைத்தீவு வீதி. இவை இரண்டும் காப்பெற் இட்டவை. அதன்பின் உள்வீதி, கிரவல், மதகு, இறுதியில் ஓர் ஒற்றையடிப் பாதை. அம்மாவை மாதந்தோறும் யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்கு அழைத்துச் செல்ல வேண்டியிருக்கிறது. எங்கள் பழைய கார் அந்த உள்வீதியில் அடிவயிறு தட்டாமற் போன நாளே கிடையாது. ஒருமுறை எண்ணெய்த் தொட்டி கல்லில் அடிபட்டு, நடுக்காட்டில் அம்மாவும் நானும் மூன்று மணி நேரம் நின்றோம். யானை உலாவும் பகுதி; பொழுதோ சாய்ந்துகொண்டிருந்தது. அன்றே தீர்மானித்தேன், இனி வேறு வண்டிதான் என்று.

ஆகவே முதற்கேள்வி, நிலத்துக்கும் வண்டியின் அடிப்பாகத்துக்கும் உள்ள இடைவெளி எவ்வளவு என்பதே. ரைஸ் வண்டிக்கு இது 185 மில்லிமீற்றர். யாரிஸ் குறொஸுக்கு 170. உயரத் தோற்றம் காட்டும் வேறு சிலவற்றுக்கோ 150 கூடத் தேறாது. இந்த எண்களெல்லாம் வெறும் வண்டிக்கு உரியவை. ஐந்து பேரும் ஒரு மூட்டை அரிசியும் பத்துத் தேங்காயும் ஏறியபின் வண்டி எவ்வளவு தாழ்கிறது என்பதை நாமே பார்த்தறிய வேண்டும்.

இரண்டாவது, ரயர். பெரிய சில்லும் மெல்லிய ரயரும் கண்ணுக்கு அழகு. கிரவலில் அவை கேடு. பள்ளத்தில் விழுந்தால் அடியைத் தாங்குவது ரயரின் பக்கச் சுவரிலுள்ள இறப்பர்தான். அது மெலிந்திருப்பின் சில்லே நெளியும். ஒரே வண்டி 16 அங்குலத்திலும் 17 அங்குலத்திலும் கிடைக்குமாயின், நமக்கு 16 போதும். ரயரின் பக்கத்தில் நான்கு இலக்கங்கள் பொறிக்கப்பட்டிருக்கும். 2319 என்றிருந்தால், 2019 ஆம் ஆண்டின் 23 ஆம் வாரத்திற் செய்யப்பட்டது என்பது பொருள். மிதிப்பு அழியாத ரயராயினும் வயது முதிர்ந்தால் இறப்பர் வெடிக்கும். வன்னி வெயில் அந்த முதுமையை விரைவுபடுத்தும்.

மூன்றாவது, இருக்கையின் உயரம். இதனை விளம்பரங்கள் பேசுவதில்லை. முழங்கால் நோவுள்ளவர்கள் பேசுவார்கள். தாழ்ந்த காரில் அம்மா விழுந்து அமர்கிறார். எழும்போது இருவர் தூக்கவேண்டும். பெரிய ஜீப்பில் ஏறுவதற்கு ஏணி தேவை. இடுப்பு மட்டத்தில் இருக்கை அமைந்த வண்டியில் அவர் திரும்பி உட்கார்ந்து காலை உள்ளே எடுத்தாற் போதும். முதியவர் உள்ள வீட்டுக்குச் சிறிய குறொஸோவர் தரும் மெய்யான நன்மை இதுவென்றே சொல்வேன். வாங்குமுன் வீட்டிலுள்ள மூத்தவரை அழைத்துச் சென்று ஏற்றி இறக்கிப் பாருங்கள்.

நான்காவது, இரவுப் பயணம். கண்டி வீதியில் இருள் கவிந்தபின் மாடுகள் படுத்திருப்பதை யாவரும் அறிவர். வவுனியாவுக்கும் மாங்குளத்துக்கும் இடையிற் காடு வீதியை அணைத்து நிற்கிறது. முன்விளக்கின் ஒளி, தடுப்பின் பிடி, காற்றுப் பைகளின் நிலை ஆகிய மூன்றும் பாட்டுக் கேட்கும் கருவியிலும் முக்கியமானவை. விபத்தில் விரிந்த காற்றுப் பையை எடுத்துவிட்டு மூடியை மட்டும் ஒட்டிவைத்த வண்டிகளும் சந்தையில் உண்டு. சாவியைத் திருப்பியவுடன் காற்றுப் பைக்குரிய எச்சரிக்கை விளக்கு ஒருமுறை எரிந்து அணையவேண்டும். அறவே எரியாவிட்டாலும் சந்தேகிக்க வேண்டும். அணையாவிட்டாலும் சந்தேகிக்க வேண்டும்.

கலப்பு எஞ்சினும் கணக்கும்

பெற்றோலும் மின்சாரமும் கலந்தோடும் ஹைபிரிட் வண்டியா, வெறும் பெற்றோல் வண்டியா என்பது அடுத்த வழக்கு. 2022 ஆம் ஆண்டை நாம் மறந்துவிடவில்லை. எரிபொருள் நிலையங்களில் இரவு பகலாக நின்றோம், கியூ.ஆர். அட்டை வந்தபோது கார் ஒன்றுக்கு வாரம் 20 லீற்றர் என்று அளந்து தந்தார்கள். அக்காலத்தில் ஹைபிரிட் வைத்திருந்தவர் பாக்கியசாலியாகத் தோன்றினார். ஆயினும் பயத்தைக் கொண்டு வண்டி வாங்குதல் ஆகாது. கணக்கைக் கொண்டே வாங்கவேண்டும்.

கணக்கு எளியது. ஆண்டுக்கு 15,000 கிலோமீற்றர் ஓடுகிறோம் என்க. லீற்றருக்கு 15 கிலோமீற்றர் ஓடும் வண்டிக்கு 1,000 லீற்றர் வேண்டும்; 20 ஓடுவதற்கு 750 போதும். மிச்சம் 250 லீற்றர். லீற்றர் 300 ரூபா என வைத்துக்கொண்டால் ஆண்டுக்கு மிச்சம் 75,000 ரூபா. ஹைபிரிட் வண்டிக்கு 15 இலட்சம் ரூபா அதிகங் கொடுத்தால், அப்பணம் திரும்பிவர 20 ஆண்டுகள் செல்லும்! நாளொன்றுக்கு நூறு கிலோமீற்றர் ஓடுபவருக்குக் கணக்கு வேறு. அவரவர் தமது ஓட்டத்தை இட்டுப் பார்த்தல் நன்று.

வெசெல் ஹைபிரிட்டுக்கு ஜப்பானில் லீற்றருக்கு 27 கிலோமீற்றர் என்று குறித்தார்கள். அது பரிசோதனைக் கூடத்து எண். குளிரூட்டியைப் போட்டு, குடும்பத்தை ஏற்றி, நண்பகல் வெயிலில் வவுனியாவிலிருந்து கிளிநொச்சிக்கு ஓடும்போது அந்த எண்ணை எதிர்பார்த்தல் வீண். அன்றியும் அவ்வண்டியின் முதற் தலைமுறை, இரட்டைக் கிளச்சு அமைப்புடைய கியர்ப் பெட்டியைக் கொண்டது. அதன் கட்டுப்பாட்டு மென்பொருளைத் திருத்துவதற்காக 2014 ஆம் ஆண்டில் ஜப்பானிலேயே பன்முறை வண்டிகள் மீள அழைக்கப்பட்டன. ஆகவே பழைய வெசெலை வாங்குபவர், அத்திருத்தங்கள் செய்யப்பட்டனவா என்று அறிதல் வேண்டும். நெரிசலில் ஊர்ந்து செல்லும்போது கியர் உதறுகிறதா என்றும் ஓட்டிப் பார்க்கவேண்டும். 2021 இல் வந்த இரண்டாந் தலைமுறை வெசெல் வேறு அமைப்புடையது.

ஹைபிரிட்டுக்கு நம் மண்ணிலே மற்றொரு பகையும் உண்டு. அதுதான் செம்புழுதி. பற்றரியைக் குளிர்விக்கும் காற்றைப் பல வண்டிகள் உட்புறத்திலிருந்தே, பின்னிருக்கையை அண்டிய ஒரு துவாரத்தின் வழியாக உறிஞ்சுகின்றன. அத்துவாரம் புழுதியால் அடைபட்டால் பற்றரி சூடேறி ஆயுள் குறையும். சில நிமிடங்களிற் சுத்தஞ் செய்யக்கூடிய காரியம். செய்யாதவர் இலட்சக்கணக்கிற் செலவழிக்கிறார். முழு மின்சார வண்டிகளோ, வீட்டுக் கூரையிற் சூரியத் தகடு வைத்திருப்போருக்கும், நாளாந்தம் குறைந்த தூரம் ஓடுவோருக்கும் ஏற்றவை. வழியில் மின்னேற்றும் வசதி வன்னியில் கொழும்பிற் போல் விரிவடையும்வரை, தூரப்பயணம் செய்யும் குடும்பத்துக்கு ஒரே வண்டியாக அதனை நான் கூறமாட்டேன்.

பட்டி சொன்ன உண்மை

இனி என் அனுபவத்துக்கு வருகிறேன். கனடாவிலிருக்கும் தம்பி தொலைபேசியில், "அண்ணை, அம்மாவுக்காகத்தானே, பாதிக் காசு நான் தாறன், புதுசா எடுங்கோ" என்றான். மீதிப் பாதிக்குக் கடன் வேண்டும். ஐம்பது இலட்சம் ரூபாவை நூற்றுக்கு 14 வீத வட்டியில் ஐந்தாண்டுக்கு எடுத்தால், மாதத் தவணை ஏறத்தாழ 116,000 ரூபா. முடிவில் கட்டியது 70 இலட்சத்தை அண்மிக்கும். வட்டி மாத்திரம் 20 இலட்சம். என் மூத்த மகள் உயர்தரம் எழுதப்போகிறாள். இரணைமடுவின் கீழ் எங்களுக்கிருக்கும் வயலை ஈடுவைக்கலாமா என்றுகூட ஒருநாள் எண்ணினேன். மனைவி என் முகத்தைப் பார்த்து, "கார் தேயும், வயல் தேயாது" என்று மட்டும் சொன்னாள். புது வண்டி என்னும் எண்ணம் அன்றோடு நின்றது.

பழைய வண்டி தேடத் தொடங்கினோம். ஒரு வியாபாரியிடம் பளபளவென்று ஒரு குறொஸோவர் நின்றது. ஓடியது 60,000 கிலோமீற்றர் என்றார்கள். விலையும் மற்றவற்றிற் குறைவு. பிள்ளைகள் உள்ளே ஏறிவிட்டார்கள்; முற்பணம் என் சட்டைப்பையில் இருந்தது. நல்லகாலம், எங்கள் ஊர் மெக்கானிக் ஒருவரைக் கூட்டிச் சென்றிருந்தேன். அவர் எஞ்சினைத் திறக்கவில்லை. முன்னிருக்கையின் ஆசனப்பட்டியைப் பிடித்து, "சேர், இதைக் கடைசிவரை இழுத்துப் பாருங்கோ" என்றார். இழுத்தேன். யாரும் இழுத்துப் பாராத அந்தக் கடைசி முழத்தில், மண்ணிறக் கறை நேர்கோடாகப் படிந்திருந்தது. பின்பு இருக்கையின் கீழ்த் திருகாணிகளைக் காட்டினார், துரு. கம்பளத்தைத் தூக்கினார், மெல்லிய சேறு. "இது வெள்ளத்திலை நிண்ட வண்டி. இண்டைக்கு ஓடும். ஆறு மாசத்திலை வயர் ஒவ்வொண்டா அரிக்கும்" என்றார். பிள்ளைகளை இறக்கிக்கொண்டு வந்துவிட்டோம்.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் கொணர்ந்த வெள்ளம், களனி ஆற்றோரத்திலும் நாட்டின் வேறு பல பகுதிகளிலும் பெருநாசம் விளைவித்தது. வெள்ளத்தில் நின்ற வண்டிகள் கழுவித் துடைக்கப்பட்டு, தூர மாவட்டங்களில் விற்பனைக்கு வருதல் உலகெங்கும் உள்ள வழக்கம். ஆகவே வருங்காலத்தில் வாங்குவோர் அந்தப் பட்டியை இழுக்க மறவாதிருப்பாராக.

பழைய வண்டி பார்க்கும்போது நான் கற்ற மற்றவற்றையும் சுருக்கிச் சொல்கிறேன். ஜப்பானிலிருந்து வந்த வண்டியாயின் அந்நாட்டு ஏல அறிக்கையைக் கேளுங்கள். அதில் ஓடிய தூரமும் அடிபட்ட இடங்களும் குறிக்கப்பட்டிருக்கும். அறிக்கையிலுள்ள சட்ட இலக்கமும் வண்டியிற் பொறித்த இலக்கமும் ஒன்றா எனப் பாருங்கள். தூரமானி பொய் சொல்லலாம். தேய்ந்த தடுப்பு மிதியும் மினுங்கிய சுக்கானும் பொய் சொல்லா. கடற்கரையோரத்தில் ஓடிய வண்டியின் அடிப்பாகத்தைக் குனிந்து பாருங்கள். உப்புக்காற்று இரும்பை உண்ணும். வீட்டு முற்றத்தில் நெடுநாள் நின்ற வண்டியில் எலி வயரைக் கடித்திருக்கும். காலையில் எஞ்சின் ஆறியிருக்கும்போது நீங்களே முதன்முறை இயக்குங்கள். முன்னரே சூடாக்கி வைத்திருந்தால் காரணம் கேளுங்கள். பதிவுச் சான்றிதழிற் கடன் கொடுத்த நிறுவனத்தின் பெயர் இன்னும் இருக்கிறதா என்று பாருங்கள். விற்பவர் ஒருவர், சான்றிதழிலுள்ள பெயர் வேறொருவர் என்றால், மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் விசாரித்துத் தெளியும்வரை ஒரு சதமும் கொடாதீர்கள்.

தந்தையார் விட்டுச் சென்ற அளவுகோல்

1990 களில் பொருளாதாரத் தடை நிலவியபோது, என் தந்தையாரின் பழைய ஓஸ்ரின் ஏ 40 கார் மண்ணெண்ணெயில் ஓடியது. சில துளி பெற்றோலை ஊற்றி உயிர்ப்பித்தபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். புகை கக்கும்; இருமும்; ஆனால் ஊர் சேர்க்கும். உதிரிப்பாகம் கிடையாத காலத்தில் ஊர்க் கம்மாலையே அதன் வைத்தியசாலை. இன்றைய வண்டிகள் அவ்வாறு ஓடமாட்டா. அவற்றின் மூளை மின்னணுவால் ஆனது. ஆயினும் அதிலிருந்து பெறக்கூடிய பாடம் பழையதாகவில்லை. எந்த வண்டியை வாங்குமுன்னும் மூன்று கேள்விகள் கேட்டேன். இதைத் திருத்தத் தெரிந்தவர் கிளிநொச்சியிலோ வவுனியாவிலோ உண்டா? பழுதைக் கண்டறியும் கருவி அவரிடம் இருக்கிறதா? உதிரிப்பாகம் எத்தனை நாளில் வரும்? நூறு பேர் வைத்திருக்கும் சாதாரண வண்டி, ஒருவர் மட்டும் வைத்திருக்கும் அபூர்வ வண்டியிலும் நமக்கு உகந்தது.

அந்த ஓஸ்ரினை 2009 ஆம் ஆண்டிலே, புதுக்குடியிருப்புக்கு அப்பால் வீதியோரத்தில் விட்டுவிட்டு நாங்கள் நடந்தோம். தந்தையார் திரும்பிப் பார்க்கவில்லை. பின்னர் முகாமில் ஒருநாள் சொன்னார், "விட்டிட்டு வரக்கூடியதைத்தான் மனுசன் வாங்கவேணும்." அச்சொல்லின் முழுப்பொருள் எனக்கு இப்போதுதான் விளங்குகிறது. எதை இழந்தால் குடும்பமே சாயுமோ, அதை ஈடுவைத்து இன்னொன்றை வாங்குதல் கூடாது. கடன் நிறுவனத்தார் வண்டியை எடுத்துச் சென்றபின்னும் கடன் தீராது வாடும் குடும்பங்களை நம் மாவட்டங்களிற் காண்கிறோம். அவர்கள் யாவரும் வண்டியைத் தெரியாமல் வாங்கியவர்கள் அல்லர். தவணையைத் தெரியாமல் வாங்கியவர்கள்.

முடிவாக என்ன வாங்கினோம் என்று கேட்பீர்கள். பத்தாண்டு வயதுடைய, ஹைபிரிட் அல்லாத, சிறிய பெற்றோல் குறொஸோவர் ஒன்று. பெயரைச் சொன்னால் விளம்பரமாகிவிடும். ஒரே உரிமையாளரிடம் இருந்தது. பராமரிப்புப் பற்றுச்சீட்டுகள் யாவும் கோவையில் இருந்தன. மெக்கானிக் பட்டியை இழுத்துப் பார்த்தார், வெண்மையாக இருந்தது. தம்பியின் பணமும், எங்கள் சேமிப்பும், பழைய கார் விற்ற காசும் சேர்ந்தபின் எடுத்த கடன் சிறியது. வயல் அப்படியே இருக்கிறது.

முதற் பயணம் அம்மாவோடு. முத்தையன்கட்டு உள்வீதியில் அடிவயிறு ஒருதரமும் தட்டவில்லை. முறிகண்டியில் நிறுத்தித் தேங்காய் உடைத்தோம். அம்மா எவர் கையையும் பிடியாமல் இறங்கினார். கும்பிட்டுவிட்டு, எவர் கையையும் பிடியாமல் ஏறினார். கச்சான் பையை மடியில் வைத்துக்கொண்டு, "தம்பி, ஏறவும் சுகம், இறங்கவும் சுகம்" என்றார்.

வண்டி வாங்குவோர் இருக்கைக்கும் இதனைப் பார்க்கட்டும்; கடனுக்கும் இதனையே பார்க்கட்டும்.